மாட்டுக்கொட்டகைக் கார்

எங்கள் மாட்டுக்கொட்டகையில் இரண்டு பசுக்களுக்கும் ஓர் எருமைக்கும் பக்கத்தில் ஒரு கார் நின்றுகொண்டிருந்தது. சீமையில் செய்த கார். சக்கரங்கள் கிடையாது. நான்கு மூலையிலும் செங்கல் அடுக்கி அதன்மேல் உட்கார வைத்திருந்தார்கள். பின்சீட்டின் பஞ்சைக் கிளறிக் கோழிகள் அதற்குள் முட்டையிட்டன. கூரைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த முன்மூடியின்மேல் அம்மா மிளகாய் காயப்போடுவாள். தகரம் சூடேறி மத்தியானத்துக்குள் மிளகாய் சருகாகிவிடும். உத்திரமேரூர் பக்கத்தில் அந்த நாளில் கார் வைத்திருந்த வீடுகளை விரல் விட்டு எண்ணலாம். காரில் மிளகாய் காயப்போட்ட வீடு எங்களுடையது ஒன்றுதான்.

ஓடுகிற கார் வேறொன்று இருந்தது. அதுவும் இதே கம்பெனி, இதே வருஷத்து வண்டி. ஒரு வெள்ளைக்காரர் ஊர் திரும்பும்போது என் தாத்தா அவரிடமிருந்து வாங்கியது. தாத்தாவுக்குப் பிறகு அதைப் பெரியப்பா பின்சீட்டில் உட்கார்ந்து அனுபவித்தார். என் அப்பா அடியில் படுத்துப் பராமரித்தார். அப்பாவின் சட்டைகளில் எண்ணெய்க் கறை இல்லாத ஒன்றை நான் பார்த்ததில்லை. "இந்த ரகத்துக்கு சாமான் கடையில கெடைக்காது, இன்னொரு வண்டியிலதான் கெடைக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர், ஒருநாள் மதராசிலிருந்து லாரியில் ஏற்றி வந்து இறக்கியதுதான் எங்கள் கொட்டகைக் கார். எது உடைந்தாலும் இதிலிருந்து கழற்றி அதில் மாட்டிவிடலாம் என்பது அவர் திட்டம். அதிகம் கழற்றுவதற்குள் மஞ்சள் காமாலை அவரைக் கொண்டுபோய்விட்டது.

அப்பாவின் காரியம் முடிந்த கையோடு பெரியப்பா பாகம் பிரிக்க ஆள் கூட்டினார். எங்கள் பக்கத்தில் பாகம் என்பது ஊர்ப் பெரியவர்கள் முன்னால் வாயால் சொல்லி, வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்வது. மாற்றிவிட்டால் அப்புறம் பேச்சு கிடையாது. ஒரு துடைப்பத்தைக் கூடத் திருப்பிக் கேட்க முடியாது. ஏரித்தண்ணீர் பாயும் கழனியெல்லாம் பெரியப்பா பக்கம் போயிற்று. கால்வாய் ஏறாத மேட்டுக்கழனி எங்களுக்கு. அதற்குத் தண்ணீர் என்றால் கிணறு ஒன்றுதான். அந்தக் கிணறும் பம்புசெட்டும் அவர் பங்கில் போயின. முறை வைத்துத் தண்ணீர் விடுகிறேன் என்று வாயால் சொன்னார். கடைசியில் காருக்கு வந்தபோது பெரியவர்களில் ஒருவர், தம்பி பாடுபட்ட வண்டியாயிற்றே என்று இழுத்தார். பெரியப்பா சிரித்துக்கொண்டே சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

"எனக்கு ஒரு காரு, அவளுக்கு ஒரு காரு. கொட்டாயில நிக்கிதே, அத்த அவளே வெச்சிக்கட்டும். கணக்கு சரியா பூட்ச்சா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. புருஷனைப் பறிகொடுத்து மாதம் ஒன்றுகூட ஆகாத ஒரு பொம்பளையை மூலையில் உட்கார வைத்துக்கொண்டு அப்படிச் சிரித்தார்கள். சிரித்த முகம் ஒவ்வொன்றும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அம்மா தலையைத் தூக்கவில்லை. வெற்றிலைத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பாகம் முடிந்தது.

அந்தப் பங்குனியில், தையில் நட்ட எங்கள் நவரை நெல் பால் பிடிக்கிற சமயத்தில் பெரியப்பா பம்புசெட் ஷெட்டைப் பூட்டினார். மோட்டார் ரிப்பேர் என்றார். அவருடைய கரும்புக்கு மட்டும் அதே மோட்டார் ஓடியது. அம்மா நாலைந்து நாள் அவர் வீட்டு வாசலில் போய் நின்றாள். கடைசி நாள் நானும் கூட இருந்தேன். அப்பாவின் அண்ணனை அம்மா மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

"கதிரு காய்து மாமா. ஒரு மொற வுட்டாப் போதும், பொழச்சிக்கும்."

பெரியப்பா காரில் ஏறப் போனவர் நின்று திரும்பினார். "இன்னாத்துக்கு என் வாசல்ல வந்து நிக்கிற? உன்கிட்டதான் காரு கீதே. அத்த ஓட்டிக்கினு போயி பாலாத்துலேர்ந்து தண்ணி எட்தாந்து பாச்சிக்கோ."

கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று. நெல் பதராகிப் போனது. அம்மா அதை அறுத்து மாட்டுக்குப் போட்டாள். போடும்போது அழவில்லை, திட்டவில்லை, சாமியிடம் முறையிடவும் இல்லை. கொட்டகைக்குள் போய் அந்தக் காரைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். பிறகு முன்மூடியைத் துடைத்தாள். அன்றிலிருந்து தினம் துடைத்தாள். வீட்டில் விளக்குக்கு எண்ணெய் இல்லாத நாளிலும் அதன் இரும்புக்கு எண்ணெய் இருந்தது. எனக்கு அப்போது அது புரியவில்லை. பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று பயந்தேன்.

சீமைக்கார் வைத்திருப்பவர்களின் பெருமை ஒரு சின்னச் சாமான் உடைகிற வரைக்கும்தான். பெரியப்பாவின் காரில் முதலில் போனது தண்ணீர் பம்பு. எஞ்சினுக்குள் தண்ணீரைச் சுற்ற விடுகிற பம்பு. ஏரிக்கரைமேல் போய்க்கொண்டிருந்த வண்டி ஆவி கக்கி நின்றுவிட்டது என்றும், கழனியில் வேலை செய்தவர்களிடம் ஒரு குடம் தண்ணீர் கொடுங்கள் என்று பெரியப்பா கை நீட்டினார் என்றும் கேள்விப்பட்டபோது அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள். அப்பா போனபின் அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பெரியப்பா வாலாஜாபாத்திலிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்துப் பார்த்தார். உள்ளூர்க் காரின் பம்பை மாட்டினால் துளை ஒத்துவந்தது, திருகு மரை ஒத்துவரவில்லை. மரை வெட்டிச் சேர்த்தால் விசிறி போய் ரேடியேட்டரில் இடித்தது. ஒவ்வொரு தடவையும் இதோ ஓடிவிடும் என்று ஊரைக் கூட்டிக் கிளப்புவார். தெருமுனை தாண்டுவதற்குள் வண்டி கெட்டில் மாதிரிச் சீறும். கடைசியில் மெக்கானிக்கே சொல்லிவிட்டார்: "நம்ம பக்கம் இந்த ரகம் வந்ததே கொஞ்சம் சார். அதுல ஒண்ணு உங்க தம்பி வூட்டம்மா கொட்டாயில கீது. அத்த வுட்டுட்டு ஊரெல்லாம் ஏன் சுத்திக்கினு கீறீங்க?"

பெரியப்பா ஆள் அனுப்பினார். அம்மா, அவரை வரச் சொல் என்றாள். மறுபடி ஆள் வந்தது. மறுபடியும் அதே பதில். கடைசியில் வந்தார். அந்த மனிதர் எங்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியதை நான் கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். விலை கேட்டார். அம்மா விலை பேசவே இல்லை. கிணற்றில் முறைத் தண்ணீர் வேண்டும், அதைப் பெரியவர்கள் முன்னால் சொல்ல வேண்டும் என்றாள். சொன்னார். வெற்றிலையும் மாற்றினார். மெக்கானிக் வந்து பம்பைக் கழற்றிக்கொண்டு போனார். அது பெரியப்பாவின் காரில் செய்து வைத்ததுபோல் உட்கார்ந்தது. அதற்கடுத்து வந்த நவரைக்குத் தண்ணீர் வந்தது. களத்தில் நெல் குவிந்திருந்தபோது அம்மா அதன்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மறு வருஷ நவரையில் நாற்று நட்டுத் தூர் கட்டும்வரை தண்ணீர் விட்ட பெரியப்பா, பூ எடுக்கும் நேரத்தில் மறுபடி ஷெட்டைப் பூட்டினார். கார்தான் நன்றாக ஓடுகிறதே. பெரியவர்களிடம் அம்மா போனாள். கிணற்றில் ஊற்று இல்லை என்று அவர் சொல்வதாக அவர்கள் சொன்னார்கள். அவர்களில் இரண்டு பேர் அந்த வாரம்தான் அவர் காரில் காஞ்சிபுரம் போய்விட்டு வந்திருந்தார்கள். இரண்டாவது தடவையாக எங்கள் நெல் மாட்டுக்குத் தீனியாயிற்று. ஏமாறுவது ஒரு தடவை என்றால் தலையெழுத்து என்று விட்டுவிடலாம். வெற்றிலை மாற்றிவிட்டு ஏமாற்றியவனை எப்படி விடுவது? சின்னப் பெண்ணான நானே அவருக்கு என்னென்னவோ வர வேண்டும் என்று நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறேன். பேதி, பாம்பு, இடி. அம்மாவுக்கு அந்த மாதிரி ஆசைகள் இல்லை. அவள் காரைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பெரியப்பா தன் மகளுக்கு வாலாஜாபாத்தில் ரைஸ் மில் வைத்திருந்த ஒரு வீட்டில் சம்பந்தம் பேசி முடித்தார். மாசியில் கல்யாணம். மாப்பிள்ளை ஊர்கோலம் நம் சீமைக்காரில் என்று நிச்சயத்தன்றே சபையில் சொல்லியாயிற்று. அவர்களும் தங்கள் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்கள். காருக்குப் பெயிண்ட் அடித்தார்கள், சீட்டுக்கு வெல்வெட் போட்டார்கள். பெயிண்ட் காய்வதற்குள் பின்பக்கம் கடகடவென்று ஒரு சத்தம் வந்து கார் நின்றது. பின் சக்கரங்களுக்கு நடுவே இருக்கிற பல்சக்கரம் போய்விட்டது. மெக்கானிக்குகள் அதைக் கிரவுன் பினியன் என்பார்கள். அது போனால் எஞ்சின் உறுமும், வண்டி நகராது.

இந்தத் தடவை அவர் எங்கள் வாசலுக்கு வரக்கூடாது என்று தீர்மானித்திருக்க வேண்டும். மதராசில் பழைய கார்ச் சாமான் விற்கும் புதுப்பேட்டை முழுக்கச் சல்லடை போட்டார். ஒரு கடையில் இதே கம்பெனிப் பல்சக்கரம் கிடைத்ததென்று வாங்கி வந்தார். அது அடுத்த வருஷத்து வண்டியுடையது, கூட்டுக்குள் இறங்கவே இல்லை. பாண்டிச்சேரியில் ஒருவரிடம் இருப்பதாகக் கேள்விப்பட்டு ஓடினார். அது இறங்கியது, ஆனால் பல்லோடு பல் கடிக்கவில்லை. பம்பாயிலிருந்து பார்சல் வந்தது. பிரித்துப் பார்த்தால் லாரிச் சாமான். காஞ்சிபுரத்தில் ஒரு லேத் பட்டறையில் பழையதை மாதிரி வைத்துப் புதிதாகக் கடைந்து வாங்கினார். மாட்டி, தேங்காய் உடைத்து, கிளப்பினார்கள். கோயில் வரை போனது. கோயில் வாசலில் அத்தனை பல்லும் பொடிப்பொடியாக உதிர்ந்தது. தெருப் பிள்ளைகள் அந்தப் பற்களைப் பொறுக்கிக்கொண்டு வந்து எனக்குக் காட்டினார்கள். நான் சந்தோஷமாக வாங்கிப் பார்த்தேன். மறைக்க என்ன இருக்கிறது, எனக்கு அன்று பொங்கல் மாதிரி இருந்தது.

கல்யாணத்துக்கு ஒரு வாரம்கூட இல்லை. அம்மா ஏரிப் பாசனத்துக் கழனியில் கூலிக்கு நடவு நடப் போயிருந்தாள். பெரியப்பாவின் ஆட்கள் இரண்டு பேர் ஸ்பானரோடு நேராக எங்கள் கொட்டகைக்குள் வந்து காருக்கு அடியில் படுத்துக்கொண்டார்கள். கேட்டால், இது எங்கள் முதலாளியின் தம்பி வாங்கிய வண்டிதானே என்றார்கள். நான் கழனிக்கு ஓடினேன். அம்மா முழங்கால் வரை சேற்றோடு வந்தாள். காரின் கதவைத் திறந்து டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டாள். ஒரு கோழி அலறிக்கொண்டு வெளியே பறந்தது.

"என் காருல நான் குந்திக்கினு கீறேன். முடிஞ்சா என்னையும் சேத்துத் தூக்கிக்கினு போங்கடா."

அவர்கள் பாதி கழற்றியதை அப்படியே விட்டுவிட்டு அடியிலிருந்து ஊர்ந்து வந்து போய்விட்டார்கள். இருட்டும்வரை அம்மா இறங்கவில்லை. மாட்டுக்கு நான்தான் தண்ணீர் காட்டினேன்.

மறுநாள் பெரியவர்கள் இரண்டு பேர் தூது வந்தார்கள். கிணற்றில் பாதியை எழுதித் தருவதாகப் பெரியப்பா சொல்கிறார், கல்யாணம் முடியட்டும் என்றார்கள். அம்மா, எழுதிவிட்டு வரட்டும் என்றாள். போனார்கள், வந்தார்கள். வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் உத்திரமேரூருக்குப் போய்ப் பத்திரம் எழுதிச் சாட்சிக் கையெழுத்தோடு கொண்டு வருகிறார், வந்ததும் சாமானைக் கழற்றிக்கொள்ள வேண்டும் என்று முடிவாயிற்று. அம்மா சரி என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. தலையை ஆட்டியதுபோல் இருந்தது. அவர்கள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போனார்கள்.

அன்று சாயங்காலம் அம்மா என்னை பஸ் ஏற்றி, எங்கள் ஊர்ச் சந்தைக்கு வரும் பழைய இரும்புக்காரரின் வீட்டுக்கு அனுப்பினாள். வெள்ளிக்கிழமை காலையில் ஆளும் சம்மட்டியும் மாட்டுவண்டியும் கொண்டுவரச் சொன்னாள். எதற்கு என்று எனக்கும் சொல்லவில்லை.

பெரியப்பா ஏறிய பஸ் போன சத்தம் அடங்கியதும் இரும்புக்காரர் வந்தார். கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தவர் அசந்துபோனார். "இன்னாம்மா, காரயே எடைக்குப் போடறியா?"

"பின்னால அடியில பல்சக்கரம் கீதே, மொதல்ல அத்த ஒட" என்றாள் அம்மா.

"அத்தத் தனியா வித்தா நல்ல வெலைக்குப் போவும்மா. கேட்டுக்கினே கீறாங்களே."

"எனக்குத் தெரியும். நீ ஒட."

அதைக் கழற்றிக் கல்லின்மேல் வைத்து இரண்டு ஆள் மாறிமாறி அடித்தார்கள். சீமை இரும்பு லேசில் உடையவில்லை. ஒவ்வொரு அடிக்கும் தீப்பொறி பறந்தது, மாடுகள் மிரண்டன. அம்மா கைகட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். மூன்று துண்டாகப் போனபிறகுதான் மற்றதைத் தொடவிட்டாள். கதவு, கூரை, எஞ்சின் எல்லாம் மாட்டுவண்டியில் ஏறியது. இரும்புக்காரர் மடியை அவிழ்த்தார். காசு வேண்டாம் என்றாள் அம்மா. தெருவில் கூவிக்கொண்டு போவாரே, பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் என்று, அந்தப் பேரீச்சம்பழமே கொடுத்தால் போதும் என்றாள். அவர் சிரித்துப் பார்த்தார், நியாய விலை தருவதாகச் சத்தியம் செய்து பார்த்தார். கடைசியில் ஆளை அனுப்பி ஒரு பாய் மூட்டைப் பேரீச்சம்பழத்தைக் கொண்டுவந்து போட்டார். அம்மா அதைப் பிரித்து, வீட்டுக்கு ஒரு கை என்று தெருவெல்லாம் கொடுத்தாள். பாகத்தன்று சிரித்த வீடுகளுக்கு இரண்டு கை.

பெரியப்பா மத்தியானம் நேராக எங்கள் வாசலுக்குத்தான் வந்தார், கையில் முத்திரைத்தாள். கொட்டகையைப் பார்த்தார். நான்கு மூலையிலும் செங்கல் இருந்தது. நடுவில் கோழிகள் கிளறிக்கொண்டிருந்தன. அவருக்குச் சட்டென்று விளங்கவில்லை. தவறான வீட்டுக்கு வந்துவிட்டவர் மாதிரி தெருவைத் திரும்பிப் பார்த்தார். அம்மா அவர் கையிலிருந்து பத்திரத்தை வாங்கி என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னாள். படித்தேன். கிணற்றில் சரிபாதி, மோட்டாரில் சரிபாதி, வாய்க்கால் பாதை. ஒரு பழுதும் இல்லாத பத்திரம். இன்னொரு தடவை படி என்றாள். படித்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பிறகு தாளை மடித்து அவரிடமே நீட்டினாள்.

"பத்தரம் நல்லா எழுதிக் கீறாங்க மாமா. வெச்சிக்கோங்க. தோ, பழம் சாப்புடுங்க. உங்க தம்பி காருக்கு வந்தது."

தட்டை நீட்டியபடியே நின்றாள். அவர் தட்டை ஒதுக்கினார். பத்திரத்தைக் கசக்கிக்கொண்டு போனார்.

கல்யாணத்தன்று காரில் மாட்டைப் பூட்டி இழுத்தார்கள். வேறு வழியில்லை, சொன்ன சொல் காப்பாற்ற வேண்டும் என்று பெரியப்பா அடம் பிடித்தாராம். பூ ஜோடித்த சீமைக்காரின் முன்னால் இரண்டு வெள்ளை எருதுகள், உள்ளே மாப்பிள்ளை. எங்கள் வாசலைத் தாண்டும்போது மாப்பிள்ளையின் மாமன் உரக்கக் கேட்டார்: "இன்னா சம்பந்தி, உங்க காரு பில்லு துன்னுமா, வைக்கோல் துன்னுமா?" தெருவே சிரித்தது. வளைவில் சக்கரம் இறுகி நின்றுவிட, மாப்பிள்ளை இறங்கி நடந்தார். அம்மா வாசலில் நின்று கடைசிவரை பார்த்தாள். நானும் பார்த்தேன். பெரியப்பா செத்து எத்தனையோ காலமாகிவிட்டது. அந்த ஊர்கோலத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு குளிர்கிறது.

தண்ணீர் எங்களுக்கு வரவே இல்லை. மேட்டுக்கழனி மானாவாரியாகி, மழை பெய்தால் வேர்க்கடலை, பெய்யாவிட்டால் முள் என்று ஆயிற்று. அம்மா கடைசிவரை கூலிக்குப் போனாள். நான் பத்தாவதோடு நின்றேன். பாதிக் கிணறு இருந்திருந்தால் எப்படி இருந்திருப்போம் என்று நான் கணக்குப் போடாத வருஷம் இல்லை. இப்போது அந்தக் கிணற்றைத் தூர்த்து மனை போட்டு விற்றுவிட்டார்கள். அம்மா படுக்கையில் விழுந்த சமயத்தில், ஒருநாள் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது கேட்டேவிட்டேன். அவர் பத்திரத்தோடுதான் வருவார் என்று உனக்குத் தெரியும்தானே, ஒரு அரைநாள் பொறுத்திருந்தால் கிணற்றில் பாதி நமக்கு வந்திருக்குமே என்றேன். வாயில் இருந்ததை மெதுவாக விழுங்கிவிட்டு அம்மா என்னைப் பார்த்தாள்.

"வந்திருக்கும்டி" என்றாள். "அவரு ஊர்கோலமும் போயிருக்கும்."